கான்டனீஸில் கோபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங்கில் கவுலூன் பக்கம், ஷாம் ஷுய் போ சந்தையிலிருந்து இரண்டு தெரு தள்ளி சில வருடங்கள் குடியிருந்தேன். அங்கே வேலைக்குப் போகிற நம் ஆட்கள், கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் கான்டனீஸ், அதாவது ஹாங்காங்கில் பேசும் சீன மொழி, பேசும் அண்டை வீட்டாரோடு வளர்ந்தவர்கள், ஹாங்காங் தொடர்களை விடிய விடியப் பார்ப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் வரும் கேள்வி "நல்லதா நாலு திட்டு சொல்லிக்கொடுங்க" என்பதுதான். கெட்ட வார்த்தைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அவற்றைவிட முக்கியம் கோபத்தின் படி. எரிச்சல், மனத்தாங்கல், சண்டை, சாபம் என்று இந்த மொழியில் ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தையும் தனிக் கடைசி அசையும் இருக்கின்றன, படி மாறிப் பேசினால் காரியம் கெட்டுவிடும்.

சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தொனி, அதாவது அசையைச் சொல்லும்போது குரலின் ஏற்ற இறக்கம், பொருளையே மாற்றும். அது முக்கியமான இடத்தில் மட்டும் 1 முதல் 6 வரை ஓர் எண் சேர்த்திருக்கிறேன். ஹாங்காங் மொழியியல் சங்கம் 1993இல் கொண்டுவந்த யூட்பிங் என்ற ரோமன் எழுத்து முறையில் அப்படித்தான் குறிப்பார்கள்.

கான்டனீஸ்காரர்கள் எப்போதுமே சண்டை போடுகிற மாதிரியே பேசுகிறார்களே, உண்மையிலேயே கோபமா?

பெரும்பாலும் இல்லை. ஆறு தொனிகள், க், ட், ப் என்று சட்டென்று அடைத்து நிற்கும் சொற்கள், நெரிசலான கடைகள், எல்லாம் சேர்ந்து நம் காதுக்கு அதட்டல் போலக் கேட்கும். தேநீர்க் கடையில், அதாவது 'சா சான் டெங்'கில், பரிமாறுபவர் மேசையைத் தட்டி "சிக் மட் ஆ?" (என்ன சாப்பிடுறே?) என்று கேட்டால் அவர் அவசரத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். சந்தையில் கீரை விற்கும் அம்மா என்னைப் பார்த்துக் கத்தியதெல்லாம் திட்டு என்றே முதல் மாதம் நினைத்திருந்தேன். அவர் சொன்னது 'அந்தக் கட்டை வைத்துவிட்டு இதை எடு, இது இன்றைக்கு வந்தது' என்று.

உண்மையான கோபத்துக்கு அடையாளம் வேறு. பேச்சு மெதுவாகும், ஒவ்வோர் அசையும் தனியாக வெட்டி விழும், வழக்கமாகச் செல்லப்பெயரில் கூப்பிடுபவர் குடும்பப் பெயரோடு சேர்த்து முழுப்பெயரையும் சொல்வார். அப்போது கவனமாக இருங்கள்.

'கோபம்' என்பதற்கு என்ன சொல்?

'நௌ'. "ங்கோ ஹோ நௌ" என்றால் 'எனக்கு ரொம்பக் கோபம்'. "நெய் நௌ ங்கோ ஆ?" என்றால் 'என்மேல் கோபமா?'. இளையவர்கள் பலர் சொல் முதலில் வரும் ந-வை ல-வாக்கி 'லௌ' என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

இதன் எழுத்து வடிவம் எனக்கு மிகவும் பிடிக்கும். 'ஆண்' என்ற எழுத்து இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் 'பெண்' என்ற எழுத்து மாட்டிக்கொண்டிருக்கும். செய்தித்தாளிலோ பள்ளிக் கட்டுரையிலோ இதைப் பார்ப்பது அபூர்வம், அங்கே பொதுச் சீனத்தின் 'சாங் ஹெய்' போன்ற சொற்கள்தான். எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்ற வழக்கம் நமக்குப் புதிதில்லையே, அதே நிலைதான். நௌ வீட்டுச் சொல், வாட்ஸ்அப் சொல். ஃபேஸ்புக்கில் சிவந்த முகத்தைப் போடுவதற்குக்கூட ஹாங்காங்கில் "பெய் நௌ" (நௌ கொடு) என்கிறார்கள்.

இதிலிருந்தே கிளைகள். 'நௌ பாவ் பாவ்' என்றால் வெடிக்கிற கோபம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் குழந்தையைக் கொஞ்சலாக 'நௌ ச்யூ' என்பார்கள், கோபப் பன்றிக்குட்டி. காதலர்களும் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிடுவதுண்டு, மேலதிகாரியை நோக்கி அதைச் சொல்லிவிடாதீர்கள்.

நெருப்பு, புகை, மூச்சு என்று ஏதேதோ சொல்கிறார்களே?

கோபத்தை உடம்புக்குள் இருக்கும் சூடாகவும் அடைபட்ட காற்றாகவும் பார்க்கிற மொழி இது. சூட்டிலிருந்து தொடங்குகிறேன். 'ஃபோ' நெருப்பு. 'ஃபோ குவன்' என்றால் நெருப்பு கொதிக்கிறது, கடுப்பாக இருக்கிறது. "ஃபோ டோ லை மாய்" என்றால் 'நெருப்பும் வந்து சேர்ந்துவிட்டது', அதாவது இதுவரை பொறுத்திருந்தேன், இனி முடியாது. கண்ணில் நெருப்பு வெடித்தால் 'ங்கான் ஃபோ பாவ்'. உடம்பின் ஏழு துவாரங்களிலும் புகை வந்தால் 'சட் ஹியூ சாங் யின்', இது கொஞ்சம் இலக்கியச் சாயல் உள்ளது, ஆனாலும் பாட்டிமார் வாயில் சாதாரணமாக வரும்.

காற்றுக்கு 'ஹெய்'. உள்ளேயே அடக்கி வைத்துப் புழுங்கும் கோபம் 'குக் ஹெய்'. வெளியே காட்ட முடியாத இடத்தில், வேலை இடத்தில், மாமியார் வீட்டில் வருவது இதுதான், தமிழில் 'உள்ளுக்குள்ளேயே குமைகிறது' என்போமே, அது. அடுத்தவர் செய்கையால் வரும் ஆற்றாமை 'கிக் ஹெய்'. அது முற்றினால் "கிக் டோ ஔ ஹ்யூட்", இரத்தம் கக்குகிற அளவுக்கு. காரணமே இல்லாமல் எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் மனநிலைக்கு 'மங் சங்' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. வெயில் நாளில், பசியில், தூக்கமில்லாதபோது வருவது மங் சங்.

சீன மருத்துவத்தில் ஈரலின் சூடு, 'கோன் ஃபோ', ஏறினால் கோபம் வரும் என்ற நம்பிக்கை உண்டு. அதனால்தான் சிடுசிடுக்கும் ஆளிடம் 'போய் ஒரு கிண்ணம் லோங் சா குடி' என்பார்கள். உடம்புச் சூட்டைத் தணிக்கும் மூலிகைக் கஷாயம் அது, தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது. இருபத்து நான்கு மூலிகை என்று பெயர்பெற்ற 'யா செய் மெய்' நம் நிலவேம்புக் கஷாயம் மாதிரிக் கசக்கும். அக்கறையாகச் சொன்னால் அக்கறை, சண்டை நடுவில் சொன்னால் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

கெட்ட வார்த்தை இல்லாமல் எரிச்சலைக் காட்ட ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொள்வதென்றால்?

"யௌ மோ காவ் சோ ஆ!"

சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஏதாவது தவறு நடந்துவிட்டதா, இல்லையா?' என்று ஒரு கேள்வி. உண்மையில் அது 'என்ன அநியாயம் இது!' பேருந்து கண் முன்னே கிளம்பிப் போனால், நூடுல்ஸ் விலை ஒரே வாரத்தில் ஏறினால், வரிசையில் யாரோ நுழைந்தால், கணவர் மறுபடியும் சாவியை மறந்தால், எல்லாவற்றுக்கும் இது போதும். நிலைமையின் மேல்தான் குற்றம் சாட்டுகிறீர்கள், எதிரில் இருப்பவரை அவமதிக்கவில்லை. அதனால் அவருக்கும் பின்வாங்க இடம் இருக்கிறது.

இதன் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு கடையில். கைப்பேசிக்குக் கணக்குக்கு மேல் பணம் எடுத்துவிட்டார்கள். நான் முந்தின வாரம்தான் கற்ற ஒரு கெட்ட வார்த்தையை எடுத்து வீசினேன். கடைக்காரர் முகம் இறுகிவிட்டது, அதற்குப் பிறகு பேச்சே இல்லை, காவலுக்கு நின்றவரைக் கூப்பிட்டுவிட்டார். மறுநாள் என் பக்கத்து வீட்டு அக்கா என்னோடு வந்தார். ரசீதை மேசைமேல் வைத்து, "வை, யௌ மோ காவ் சோ ஆ, லோபான்" (ஏங்க, என்ன முதலாளி இது) என்று நீட்டி ஒரே ஒரு தடவை சொன்னார். பணம் திரும்பி வந்தது. அவர் என்னைவிடக் கோபமாகத்தான் இருந்தார்.

இதற்கு ஒரு படி மேலே "டிங் ம் சொன்", 'இனித் தாங்க முடியாது'. இதையும் யாரிடமும் சொல்லலாம்.

தொனி தப்பினால் என்ன ஆகும்?

கோபத்தில் நம் குரல் தானாக மேலே போகும், ஆபத்து அங்கேதான். 'ஹை' என்ற அசையை 6ஆம் தொனியில், தாழ்வாகச் சமமாகச் சொன்னால் 'ஆமாம்'. அதையே உறுதியாகச் சொல்கிறோம் என்று உயரத்தில் சமமாக, 1ஆம் தொனியில் சொன்னால் பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல் ஆகிவிடும். 'கௌ' 2ஆம் தொனியில் ஒன்பது, நாயும் அதே ஒலிதான். 3இல் 'போதும்'. 1இல் கெட்ட வார்த்தை. ஒன்பது டாலர் என்று பேரம் பேசும்போது பொறுமையாகப் பேசுங்கள்.

நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. குறில் நெடில் வேறுபாடு கான்டனீஸில் உயிர்நாடி. 'காய்' என்றால் தெரு, 'கை' என்றால் கோழி. பல நாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் திணறும் இந்த வேறுபாடு தமிழ்க் காதுக்கு முதல் நாளே கேட்டுவிடும். ம், ன், ங் என்று முடியும் சொற்களும் அப்படியே. தொனி ஒன்றுதான் உட்கார்ந்து பழக வேண்டும்.

வாக்கியக் கடைசியில் வரும் ஆ, லா, லோ, மே எல்லாம் எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். கான்டனீஸ் வாக்கியத்தில் உணர்ச்சி உட்காரும் இடம் கடைசி அசை. தமிழில் 'வந்தான்', 'வந்தானே', 'வந்தானா', 'வந்தானாம்' என்று வால் மாறினால் மனசு மாறுகிறது இல்லையா, அங்கேயும் அப்படி, ஆனால் வால்கள் இன்னும் அதிகம்.

'மே' (1ஆம் தொனி) சேர்த்தால் கேள்வி சவாலாகும். "நெய் ம் சீ மே?" என்றால் 'உனக்குத் தெரியாதாக்கும்?' பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை. 'கா' (4ஆம் தொனி) நம்ப முடியாத கோபம். "நெய் டோங் ங்கோ செய் கா?" அதாவது 'நான் செத்துப் போயிட்டேன்னு நினைச்சியா?' என் கண் முன்னாலேயே இப்படிச் செய்கிறாயே என்ற பொருளில் அம்மாக்கள் சொல்வார்கள். 'ஆ நா' வந்தால் மிரட்டல். "நெய் சீ ஹா ஆ நா" என்றால் 'செய்துதான் பாரேன்'. அந்த 'நா' தாழ்ந்து விழும், அதோடு பேச்சு முடிந்தது, மேற்கொண்டு செய்தால் விளைவு உண்டு.

'லோ' (1ஆம் தொனி) எனக்கு மிகவும் நுட்பமாகப் படுவது. இதில் கத்தல் இல்லை, விட்டுவிட்ட கசப்பு இருக்கிறது. "கம் மை ஸ்யூன் லோ" என்றால் 'அப்போ விடு, அவ்வளவுதானே'. இதைச் சொல்பவர் விட்டுவிடவில்லை, மனதில் குறித்து வைத்துக்கொண்டார். அதே 'ஸ்யூன்' பின்னால் 'லா' (1ஆம் தொனி) வந்து "ஸ்யூன் லா" என்று ஆனால் நிஜமாகவே விடச் சொல்வது, சமாதானம். ஓர் எழுத்து மாறினதும் எதிரெதிர்த் திசை.

'ஹோ லா ஹோ லா' என்று அடுக்கினால் நம் 'சரி சரி, தெரியும்' மாதிரி. பெரியவர்களிடம் சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

"மோங் மட் யே மோங்" என்றால் என்ன?

'என்ன பார்வை?' வினையை இரண்டு முறை சொல்லி நடுவில் 'மட் யே' (என்ன) வைத்துவிட்டால் அதட்டல் தயார். "சோ மட் யே சோ" என்றால் 'என்ன சத்தம்?', "ஹாம் மட் யே ஹாம்" என்றால் 'என்ன அழுகை?'. எந்த வினையைப் போட்டாலும் வேலை செய்யும். குழந்தைகளிடம் சாதாரணம், தெருவில் அந்நியரிடம் சொன்னால் கைகலப்புக்கு அழைப்பு.

சொல்லைப் பிளந்து நடுவே ஒன்றைச் செருகுவதும் உண்டு. 'மா ஃபான்' தொல்லை. அதன் நடுவில் 'குவை' (பேய்) நுழைத்து 'மா குவை ஃபான்' என்றால் 'பேய்த் தொல்லை'. பேய் இருக்கும் இடத்தில் முரட்டு ஆட்கள் வேறு சொல்லைச் செருகுவார்கள்.

கெட்ட வார்த்தைகள் எவ்வளவு கெட்டவை?

கெட்ட வார்த்தைக்கே 'சோ ஹௌ' என்று பெயர், முரட்டு வாய். திடீரென்று அப்படிப் பேசத் தொடங்குவது 'பாவ் சோ'. அடிப்படையில் ஐந்து சொற்கள். நான்கு உடலுறுப்புகள், ஒன்று வினை. அந்த ஐந்தையும் 'கதவு' என்ற எழுத்துக்குள் ஒவ்வொன்றாக அடைத்து எழுதும் வழக்கம் இருப்பதால் 'ஒரே வாசலின் ஐந்து வீரர்கள்' என்றுகூடச் சொல்வார்கள். இணையத்தில் உறுப்புச் சொற்களுக்குப் பதில் 9, 7 என்ற எண்களைப் போட்டுவிடுவார்கள், ஒலி ஒத்துப்போவதால்.

கட்டடத் தொழிலாளிகள், லாரி ஓட்டுபவர்கள், கல்லூரிப் பையன்கள் நண்பர்களுக்குள் இவற்றை நிறுத்தற்குறி மாதிரிப் போட்டுப் பேசுவார்கள், அதில் கோபமே இருக்காது. அதைக் கேட்டு நாமும் பேசலாம் என்று நினைப்பதுதான் தவறு. அவர்களுக்குள் இருபது வருடப் பழக்கம் இருக்கிறது. நம் வாயிலிருந்து வரும்போது வெறும் வசவு மட்டுமே மிஞ்சும். பெரியவர்கள் முன்னால், பள்ளியில், அலுவலகத்தில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நகர ரயிலின் விதிகளில் ஆபாசமாகப் பேசுவது குற்றம் என்றே இருக்கிறது.

எதிரியின் தாயைக் குறிவைத்துத் திட்டுவதற்கு ஒரு நாகரிகப் பெயர் உண்டு: 'மன் ஹௌ', நலம் விசாரித்தல். 'அவன் என் அம்மாவை நலம் விசாரித்தான்' என்று ஒருவர் கடுகடுப்போடு சொன்னால் பொருள் புரிந்துகொள்ளுங்கள்.

புக் காய், ஹம் கா சான், இரண்டும் ஒன்றா?

இல்லவே இல்லை, இடையில் பெரிய தூரம்.

'புக் காய்' தெருவில் குப்புற விழுதல், தெருவில் விழுந்து சாவு என்ற சாபம். ஆளைப் பார்த்துச் சொன்னால் கடுமையான திட்டு. ஆனால் வீட்டுப் பாடத்தை மறந்த மாணவன் தன்னையே நினைத்து "புக் காய்!" என்பான், 'செத்தேன்டா' என்கிற மாதிரி. மலேசியத் தமிழர்களுக்கு இது வேறு வழியில் தெரியும், மலாய்ப் பேச்சு வழக்கில் 'பொக்காய்' என்றால் கையில் காசில்லை என்று பொருள், மாதக் கடைசியில் எல்லோரும் பொக்காய். ஊரும் மொழியும் தாண்டி வந்ததில் சாபம் கழன்றுபோய் வெறும் வறுமை மிஞ்சியிருக்கிறது. கோலாலம்பூரில் சாதாரணமாகச் சொல்லிப் பழகியவர்கள் ஹாங்காங்கில் இறங்கியதும் அதை நிறுத்திவிட வேண்டும்.

'ஹம் கா சான்' முழுக் குடும்பமும் பூண்டோடு அழிக என்ற சாபம். குடும்பமும் முன்னோரும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்த ஊரில் இதைவிடக் கொடியது இல்லை. இதைச் சொன்ன பிறகு நட்பு திரும்பியதை நான் பார்த்ததில்லை. கடைசி அசையை விழுங்கி 'ஹம் கா ஃபூ குவை' (குடும்பமே செல்வமாக இருக்கட்டும்) என்று மாற்றிச் சொல்வார்கள், வார்த்தை வாழ்த்தாக இருந்தாலும் கேட்பவருக்கு எந்தச் சாபம் மறைந்திருக்கிறது என்று தெரியும். இரண்டையுமே தொடாதீர்கள்.

நடுத்தரமாகத் திட்ட ஏதாவது?

'சீ சின்' அதிகம் கேட்பீர்கள். 'சின்' என்றால் கம்பி, வயர். தொலைபேசி வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, அதாவது புத்தி பிசகிவிட்டது, நம்மூர் 'நட்டு கழண்ட கேஸ்'. நண்பர்களுக்குள் தாராளமாகச் சொல்லலாம்.

'டிங் நெய் கோ ஃபை' சொல்லுக்குச் சொல் 'உன் நுரையீரலை முட்டுகிறேன்'. இதற்கு நேர்ப்பொருள் தேட வேண்டாம், நுரையீரலும் முட்டுவதும் கெட்ட வார்த்தைகள் இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் மாற்றுச் சொற்கள். 'சௌ செங்' குரலை எடுத்துவை, வாயை மூடு. 'குவான் நெய் மே சீ' உனக்கென்ன அதில் வேலை. 'லான் சீ கட் லோ' பிணமாக ஊர்ந்து, நொண்டிக்கொண்டு போய்ச் சேர், அதாவது ஓடிப்போ. பழைய தலைமுறையின் வசவு, ஆனால் கேட்க என்ன ஒரு தாளம்!

பெற்றோர் பிள்ளைகளை எப்படித் திட்டுவார்கள்?

சாப்பாட்டை வைத்து. "சாங் கௌ சா சியூ ஹோ குவோ சாங் நெய்." உன்னைப் பெத்ததுக்கு ஒரு துண்டு சா சியூவைப் பெத்திருக்கலாம். சா சியூ என்றால் இனிப்பும் உப்புமாக நெருப்பில் வாட்டிய பன்றி இறைச்சி, கடை வாசலில் கொக்கியில் தொங்கும். சா சியூவைப் பெற்றிருந்தால் சோற்றுக்கு ஆகியிருக்கும். நம் வீடுகளில் 'உன்னைப் பெத்ததுக்கு ஒரு தென்னம்பிள்ளையை வச்சிருந்தா இளநீராவது குடுத்திருக்கும்' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோபத்தில் பாதியும் களைப்பில் பாதியுமாகச் சொல்வது, பிள்ளைகளும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

எதிர்த்துப் பேசினால் 'போக் சொய்'. அதற்கும் மேல் போனால் "டங் டியூ மன் ச்யூ யுக்", பிரம்போடு சேர்த்து மெதுவாக வேகவைத்த பன்றி இறைச்சி. பிரம்படிக்குப் பெயர் அது. இறைச்சி யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

பேசாமலே கோபத்தைக் காட்டுவது?

'ஹக் ஹௌ ஹக் மின்', கறுத்த வாய் கறுத்த முகம். இதில் சத்தமே வராது. 'என்ன சாப்பிடலாம்?' என்று கேட்டு "சீ டான் லா" (எதுவானாலும் சரி) என்று பதில் வந்தால் சாதாரணமாக அது எதுவானாலும் சரிதான். முகம் கறுத்திருக்கும்போது அதே பதில் வந்தால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தவறு. 'என்ன ஆச்சு?' என்றால் "மோ யே" (ஒன்றுமில்லை). ஒன்றுமில்லையாம்!

உண்மையான ஒரு சண்டையைக் கேட்டுப் பார்க்க முடியுமா?

2006 ஏப்ரலில் ஹாங்காங்கின் இரட்டை மாடிப் பேருந்து ஒன்றில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கைப்பேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்த நடுவயது ஆளைப் பின்னால் இருந்த இளைஞர் தோளில் தட்டி, குரலைக் குறைக்கச் சொன்னார். அவ்வளவுதான், அந்த ஆள் திரும்பி நின்று ஆறு நிமிடம் போலத் திட்டித் தீர்த்தார். இன்னொரு பயணி படம்பிடித்து யூடியூப்பில் போட, உலகம் முழுக்கப் பார்த்தார்கள். 'பேருந்து மாமா' என்றே அவருக்குப் பெயர் நிலைத்தது.

கெட்ட வார்த்தை அதில் ஏராளம். ஊர் மனதில் நின்றது அவை இல்லை என்பதைக் கவனியுங்கள். "நெய் யௌ ஆட் லிக், ங்கோ யௌ ஆட் லிக்" (உனக்கும் அழுத்தம் இருக்கு, எனக்கும் அழுத்தம் இருக்கு), "மெய் காய் க்யூட்!" (இன்னும் தீரவில்லை!) என்ற இரண்டு சாதாரண வாக்கியங்கள்தான் சட்டைகளிலும் ரிங்டோன்களிலும் ஏறின. சின்ன வீடு, நீண்ட வேலை நேரம், கூட்டம் நிறைந்த பேருந்து என்று வாழும் ஓர் ஊர் தன் குரலை அதில் கேட்டுக்கொண்டது என்றே நான் நினைக்கிறேன். மொழி கற்பவர்கள் அதைக் கேட்கும்போது வசவுகளை விட்டுவிட்டு அவர் எங்கே நிறுத்துகிறார், எந்த அசையை இழுக்கிறார் என்று கேளுங்கள்.

யார்மேல் கோபமோ அவர் எதிரிலேயே இல்லை என்றால்?

அதற்கும் இடம் இருக்கிறது. காஸ்வே பே, வான் சாய் இரண்டுக்கும் நடுவில் கனால் சாலை மேம்பாலம், ஊர்வாயில் 'ங்கோ கெங் கியூ', பெருவாத்துக் கழுத்துப் பாலம். அதன் கீழே வயதான பெண்கள் சின்ன முக்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் பணம் கொடுத்தால் காகிதத்தில் வெட்டிய ஒரு மனித உருவத்தைச் செங்கல்மேல் வைத்து, பழைய செருப்பால் அடித்துத் துவைப்பார்கள். இதற்கு 'டா சியூ யன்' என்று பெயர், 'சியூ யன்' என்றால் சின்ன மனிதன், அற்பன், முதுகுக்குப் பின்னால் கெடுதல் செய்பவன். பெயர் தெரிந்தால் எழுதிக் கொடுக்கலாம், தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பொதுவாக உங்களைச் சுற்றியுள்ள எல்லா அற்பர்களுக்கும் சேர்த்து அடிப்பார்கள்.

அடியோடு பாட்டும் வரும். "டா நெய் கோ சியூ யன் டௌ", அற்பனே உன் தலையில் அடிக்கிறேன், அப்புறம் வாய், கை, கால் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் எதுகை. காகிதப் புலியின் வாயில் பன்றிக் கொழுப்பைத் தடவுவார்கள், வாய் நிறைந்த புலி கடிக்காது என்பதற்காக. மார்ச் 5 அல்லது 6 வாக்கில் வரும் 'கிங் சட்' நாளில், பூச்சிகள் விழித்தெழும் நாள் என்று சீன நாட்காட்டியில் குறித்த அன்று, நீண்ட வரிசை நிற்கும். 2014இல் ஹாங்காங் அரசு வெளியிட்ட மரபுப் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

நான் ஒருமுறை நின்று பார்த்திருக்கிறேன். அலுவலக உடையில் ஓர் இளம்பெண் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு தோளைத் தளர்த்தி ரயில் நிலையம் பக்கம் நடந்தாள். குக் ஹெய் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

எப்போது கோபப்படவே கூடாது?

சீனப் புத்தாண்டின்போது. மூன்றாம் நாளுக்கே 'செக் ஹௌ', சிவந்த வாய், என்று பெயர். அன்று உறவினர் வீட்டுக்குப் போனால் வாய்த்தகராறு வரும் என்று போக மாட்டார்கள், ஷா டின்னில் இருக்கும் சே குங் கோயிலுக்குப் போவார்கள். யாராவது வாய்தவறி அபசகுனமாகச் சொல்லிவிட்டால் பெரியவர்கள் "சொய்!" என்று வெட்டுவார்கள், 'வாயைக் கழுவு' என்கிற மாதிரி.

சண்டை முடிந்ததும் எப்படிச் சமாதானம் ஆவது?

நடுச் சண்டையில் "லாங் சிங் டீ" (அமைதியாக இரு) என்று சொல்லாதீர்கள், எந்த ஊரிலும் அது வேலை செய்ததில்லை. "ம் ஹோ கம் லோ ஹெய் லா" மென்மையானது, 'இவ்வளவு மூச்சை வீணாக்காதீங்க' என்று அவர் உடம்பைப் பற்றிக் கவலைப்படுவதாக இருக்கும். மன்னிப்புக்கு இரண்டு சொற்கள். காலை மிதித்துவிட்டால் "ம் ஹோ யீ சீ". உண்மையிலேயே தவறு செய்திருந்தால் "டொய் ம் ச்யூ", முகத்தைப் பார்த்து, ஒரு தடவை. பெரிய தவறுக்குச் சின்னச் சொல்லைச் சொன்னால் இரண்டாவது சண்டை தொடங்கும்.

வீட்டுக்குள் இரண்டையும் அதிகம் கேட்க முடியாது. என் பக்கத்து வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் வாரம் ஒரு சண்டை, சுவர் மெல்லியது, எல்லாம் கேட்கும். கதவு படாரென்று சாத்தப்படும். அரை மணி நேரம் கழித்து அப்பா அந்தக் கதவைத் தட்டி "சொட் லை சிக் ஃபான் லா" என்பார், 'வெளியே வா, சாப்பிடு'. அந்த 'லா' உயரத்தில் லேசாக நீண்டால் அன்றைய கணக்கு முடிந்தது, பையனும் வந்துவிடுவான். சில நாள் 'லா' இல்லாமல் வெறும் "சிக் ஃபான்" மட்டும் வரும். அன்றைக்குத் தட்டும் கரண்டியும் மட்டும் பேசிக்கொள்ளும்.